இருபத்தேழாம் நம்பர் அட்டையும் என் மகளின் படமும்

போன சனிக்கிழமை மத்தியானம். ஆபீஸில் நேரங்கழித்துச் சாப்பிட்டு முடித்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் போன் அடுத்தடுத்து 'டிங்... டிங்...' என்றது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தேன்.

பழைய கிரிக்கெட் அட்டை சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு. புதிதாக ஒரு போட்டோ வந்திருந்தது. கீழே கைதட்டும் பொம்மைகள், பூங்கொத்துகள், பலூன்கள்.

போட்டோவில் என் மகள்.

பள்ளிச் சீருடை. இரட்டைப் பின்னல். நெஞ்சில் பேட்ஜ் — அவள் பெயர், வகுப்பு, பள்ளியின் பெயர் மூன்றையும் கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். கையில் என்னுடைய ஆல்பம். பக்கத்தில், நான் வாழ்க்கையில் பார்த்தேயிராத ஒரு ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பின்னால் கரையில் இழுத்துப் போட்ட வள்ளங்கள். அதற்கும் பின்னால் கடல்.

எங்கள் வீடு வடசேரியில். அவள் பள்ளியும் டியூஷனும் நடந்துபோகும் தூரம். கடல் எங்கிருந்து வந்தது?

டிபன் பாக்ஸ் கீழே விழுந்து உருண்டது. யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோபத்தில் எழுதக் கூடாது என்று வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியிலேயே ஒருமுறை உபதேசம் செய்திருக்கிறேன். மன்னியுங்கள். இந்த வாரம் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் அட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு பபிள்கம் வரும். கம் சுமார்தான். உள்ளே மடித்து வைத்திருக்கும் அட்டைக்காகத்தான் வாங்குவோம். முன்பக்கம் ஒரு கிரிக்கெட் வீரரின் படம், பின்பக்கம் அவர் எடுத்த ரன், விக்கெட், ஒரு நம்பர். நாற்பது அட்டை சேர்ந்தால் ஒரு செட். இன்று அவற்றைத் தேடித் தேடிச் சேர்க்கிற பைத்தியங்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். நானும் ஒருத்தி. வீட்டில் சேலைக்கு நடுவே ஆல்பம் வைத்திருக்கும் பெண் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா, தெரியவில்லை.

இதில் எனக்கு ஏக்கமெல்லாம் ஒன்றும் கிடையாது. நாற்பது என்றால் நாற்பது இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு டம்ளர் குறைந்தாலே ஸ்டாண்டை மூன்று தடவை எண்ணுகிற ஜென்மம் நான். முப்பத்தொன்பதில் நின்றுபோன ஒரு செட் என்னை எப்படி வதைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இல்லாதது இருபத்தேழாம் நம்பர். பெரிய ஸ்டார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். யாருக்கும் பெயர் நினைவில்லாத ஒரு நியூசிலாந்து விக்கெட் கீப்பர். ஸ்டார்களின் அட்டையை அந்தக் காலத்திலேயே எல்லோரும் பத்திரப்படுத்திவிட்டார்கள். இந்தப் பாவப்பட்ட கீப்பரைத்தான் வந்த அன்றைக்கே ரோட்டில் எறிந்தார்கள். அதனால் இன்றைக்கு அவர்தான் எங்குமே கிடைப்பதில்லை.

அவருக்காகத்தான் அந்தக் குழுவில் சேர்ந்தேன். முதலில் என் சொந்தப் பெயரில். ஒரு மணி நேரம் ஆகவில்லை... 'ஹாய்', 'குட் மார்னிங் டியர்', ரோஜாப்பூ. 'லேடீஸும் கார்டு சேர்ப்பீங்களா, சூப்பர், சாப்டாச்சா?' என்று ஒருவர். நான் சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் இவருக்கு என்ன? வெளியே வந்துவிட்டேன். பிறகு வேறொரு நம்பரில் 'என்.சி. நாற்பது' என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தேன். என்.சி. என்றால் நாகர்கோவில். அதற்குப் பிறகு ரோஜாப்பூ வரவில்லை. 'சார்' என்றார்கள். பரம நிம்மதி.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற அட்டைகள் கூரியரில் போகலாம், வரலாம். ஆனால் ஒருவருடைய செட்டை நிறைவு செய்கிற கடைசி அட்டையை மட்டும் கூரியரில் அனுப்பவே கூடாது. வாங்குபவர் ஆல்பத்தோடு நேரில் போக வேண்டும். கொடுப்பவர் தன் கையால் ஆல்பத்தின் காலி இடத்தில் அதைச் செருக வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரு படம். அந்தப் படம் ஒரு வாரத்துக்குக் குழுவின் முகப்பில், டி.பி.யாக இருக்கும். இதற்குக் 'கைச்செருகல்' என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். மீசை நரைத்த ஆண்கள் ராத்திரி ரயில் பிடித்துப்போய் ஒரு துண்டு அட்டையை வாங்கிக்கொண்டு குழந்தைபோலச் சிரிக்கிற படங்களை நானும் ரசித்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன்.

எல்லோரிலும் அதிகம் பார்த்தவள் என் மகள் தர்ஷினி. வயது பதிமூன்று. அவளுக்குத் தனியாகப் போன் கிடையாது. வீட்டுப்பாடமெல்லாம் என் போனுக்குத்தான் வரும். அதனால் பாதி நேரம் போன் அவளிடம்தான். போன வாரம் குழுவில், 'இருபத்தேழாம் நம்பர் என்னிடம் இருக்கிறது, பதிலுக்கு ஒன்பதாம் நம்பர் வேண்டும்' என்று தேங்காய்ப்பட்டணத்து ஹமீது என்பவர் போட்டிருக்கிறார். நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் பார்த்துவிட்டாள். என்னிடம் ஒன்பதாம் நம்பரில் இரண்டு அட்டை இருப்பது அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என் பிறந்தநாள் என்பதும் தெரியும்.

என் பெயரில் அவளே பேசி முடித்தாள். டியூஷனுக்கு லீவு என்று என் நம்பரிலிருந்தே மெசேஜ் போட்டாள். அனுப்பியதையெல்லாம் அழித்தாள். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் ஆல்பத்தைப் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டு வடசேரியில் பஸ் ஏறி, கருங்கலில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்துத் தேங்காய்ப்பட்டணம் போய்விட்டாள். தனியாக.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஒரு படமும் அதன் கீழே இருந்த வாசகமும்தான்: 'அம்மாவுக்குத் தெரியாமல் பிறந்தநாள் பரிசு வாங்க ஒத்தையாய் வந்த சுட்டிப் பெண்! என்.சி. நாற்பது செட் பூர்த்தி!'

டியூஷனுக்குப் போன் செய்தேன். "மேடம், நீங்கதானே லீவுன்னு மெசேஜ் போட்டிய?" என்றார்கள். படத்தைப் போட்டிருந்த ஹமீதின் நம்பருக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கவில்லை. பாத்திரக்கடையில் இருந்த என் வீட்டுக்காரருக்குச் செய்தேன்.

"தர்ஷு எங்க?"

"டியூஷன்லல்லா இருப்பா. என்னத்துக்குக் கெடந்து கத்துக?"

படத்தை அனுப்பினேன். மறுமுனையில் பித்தளைக் குடமோ என்னவோ விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடை வேனில் கிளம்பினோம். ஒரு தாயின் மனம் அந்த நேரத்தில் என்னென்ன படம் ஓட்டும் என்று எழுத மாட்டேன். பெண் பிள்ளை பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

திங்கள்சந்தை தாண்டியதும் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"ஹலோ, தர்ஷினிக்க உம்மாவா? பயப்படாண்டாம் மக்கா, பிள்ள எனக்க பக்கத்துலதான் இருக்கா. நான் ஹமீதுக்க வீட்டுக்காரி, சபீனா. பஸ்ல கருங்கலுக்கு வந்துகிட்டிருக்கோம். நீங்க அங்க வந்து நில்லுங்க."

வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கதவைத் திறந்து ரோட்டோரத்தில் வாந்தி எடுத்தேன்.

கருங்கல் பஸ் ஸ்டாண்டில் முதலில் இறங்கியது சபீனா. அடுத்து, அவர் கையைப் பிடித்தபடி என் மகள். கடைசியாக, போட்டோவில் பல்லைக் காட்டிய அதே ஆள். இப்போது பல் தெரியவில்லை.

"நான் எனக்க மோளுக்க வீட்டுக்குப் பெய்ட்டு அப்பந்தான் வந்தேன்" என்று சபீனா ஆரம்பித்தார். "வந்து பாத்தா இந்த மனுஷன் பிள்ளைய ஒத்தைக்கி பஸ்ஸு ஏத்திவிட நிக்காரு. கேட்டியளா மக்கா, ஒத்தைக்கி! போன எங்க வச்சேருன்னு கேட்டா, கடையில சார்ஜுல கெடக்காம். அந்தக் காயிதத்துக்கு ரெண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, பிள்ளைக்க உம்மாக்கு ஒரு போன் போடத் தோணல்ல பாத்தியளா!"

"நீ செத்த நேரம் சும்மா இரேன்" என்றார் ஹமீது.

"நான் சும்மா இருந்திருந்தா பிள்ள இப்பம் எங்க நின்னிருக்கும்?"

நான் ஹமீதைப் பார்த்தேன். பார்த்தால் சாதுவான மனிதர். பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து ஊரில் மீன்வலைக் கடை வைத்திருக்கிறாராம். என் மகளுக்கு மீனும் சோறும் வைத்துச் சாப்பிடக் கொடுத்திருக்கிறார். எல்லாம் சரி.

"மேடம், என்.சி. நாற்பதுன்னா ஒரு ஆம்பளையாக்கும்னு நினைச்சேன்..."

"பிள்ள வந்து நின்னப்ப தெரிஞ்சுதுல்லா?"

"தெரிஞ்சுது. அம்மாக்கு சர்ப்ரைஸுன்னு சொன்னா. அதக் கெடுக்கப்பிடாதேன்னு..."

"உங்களுக்கு என்ன வயசு இருக்கும்?"

"அம்பத்தொண்ணு."

"பதிமூணு வயசுப் பிள்ளைக்க சர்ப்ரைஸக் காப்பாத்தத் தெரிஞ்சிருக்கு. பிள்ளையக் காப்பாத்தத் தெரியல்ல!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். நான் ஆபீஸில் குரல் உயர்த்தாதவள் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைக் கருங்கலிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஹமீது தலையைக் குனிந்துகொண்டார். சபீனா அவர் கையிலிருந்த போனைத் தட்டி, "முதல்ல அந்தப் போட்டோவ அழியும்" என்றார். ஹமீது குழுவிலிருந்து அழித்தார். எங்கள் கண் முன்னால்தான்.

என் மகள் மெதுவாக ஆல்பத்தை நீட்டினாள். "ஹேப்பி பர்த்டேம்மா. கடைசி அட்டைய நேர்ல போய்த்தான் வாங்கணும்னு நீதானே சொன்ன?"

அவள் கையைப் பிடித்தேன். பிடித்த இடம் மறுநாள் வரை சிவந்திருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பத்தியின் குரலே வேறாக இருந்திருக்கும். நல்ல மனிதர்கள், அசட்டுத்தனம், ஒரு நல்ல பெண்மணி, சுபம் என்று எழுதி, உங்களையும் கொஞ்சம் சிரிக்க வைத்திருப்பேன்.

முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது போனில் ஒரு தனி மெசேஜ். குழுவில் இருக்கிற பெரிய அட்டைக் கலெக்டர் ஒருவர். அந்த நம்பர் என் மகளுடையது என்று நினைத்துவிட்டார்.

'ஹாய் செல்லம். யூனிஃபார்ம்ல க்யூட்டா இருக்க. உன் ஸ்கூல் எனக்குத் தெரியும். அடுத்த செட் முழுசா என்கிட்ட இருக்கு, ஃப்ரீயாவே தரேன். இந்தத் தடவையும் அம்மாகிட்ட சொல்லாம வா. சர்ப்ரைஸ்!'

படித்தேன். திரும்பப் படித்தேன். ஹமீது போட்ட படத்திலிருந்தும் வாசகத்திலிருந்தும் இவருக்கு என்னவெல்லாம் கிடைத்திருக்கிறது, பாருங்கள். அம்மாவிடம் சொல்லாமல் வருகிற பெண். தனியாக வருகிற பெண். ஓர் அட்டைக்காக வருகிற பெண். பள்ளியின் பெயர் பேட்ஜில்.

குழுவைத் திறந்தேன். ஹமீது அழித்த படம், குழுவின் முகப்பில் வட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அட்மின் அதற்கு முன்பே எடுத்து வைத்துவிட்டார். அவருக்குப் போன் செய்தேன். அவர் வடக்கே வேறொரு ஊர்க்காரர்.

"ஓ, நீங்கதான் என்.சி. நாற்பதா? வாழ்த்துகள் சிஸ்டர்! என்ன பொண்ணு சிஸ்டர் உங்களுக்கு... பிரமாதம்!"

"அந்தப் படத்த எடுங்க."

"எந்தப் படம்?"

"குழு முகப்புல வச்சிருக்கியளே, அது."

"செட் முடிச்சவங்க படத்தை ஒரு வாரம் வைக்கிறது நம்ம வழக்கமாச்சே. உங்க பொண்ணுக்குக் கிடைச்ச மரியாதை சிஸ்டர் அது."

"செட்டு என்னுது. முடிச்சது நான். எனக்க படத்த அனுப்புதேன், அத வைங்க."

"அது... கார்டு வாங்கும்போது எடுத்த படமாத்தான் இருக்கணும். ரூல் சிஸ்டர். டென்ஷன் ஆகாதீங்க."

டென்ஷன் ஆகக் கூடாதாம்!

எனக்கு வந்த மெசேஜை அப்படியே படம் பிடித்துக் குழுவில் போட்டேன். 'என் பதிமூன்று வயது மகளுக்கு உங்களில் ஒருவர் எழுதியது இது. படியுங்கள்' என்று எழுதினேன்.

மத்தியானம் அத்தனை பலூன் பறந்த இடத்தில் இப்போது ஒரு சத்தமும் இல்லை. படித்துவிட்டார்கள் என்பதற்கான நீல டிக் மட்டும் விழுந்தது. நெடுநேரம் கழித்து ஒருவர் எழுதினார்: 'தனிப்பட்ட மெசேஜைக் குழுவில் போடுவது நாகரிகம் அல்ல.' இன்னொருவர்: 'அவர் ரொம்ப சீனியர் கலெக்டர். ஏழு முழு செட் வைத்திருப்பவர். தப்பாகப் பேசியிருக்க மாட்டார்.'

ஏழு செட் வைத்திருந்தால் ஒழுக்கமானவர் என்று யார் சர்டிபிகேட் கொடுத்தது? அட்டையில் மூலை மடிந்திருந்தால் ஒரு பக்கத்துக்கு விவாதம் நடத்துகிற மனிதர்கள் இவர்கள். அசலா, போலியா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள். அந்த மெசேஜை மட்டும் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை!

பிறகு ஒரு வரி வந்தது. குழுவிலிருந்து நீக்கப்பட்டதாக.

யாரை? என்னை.

மறுநாள், என் பிறந்தநாளன்று, காலையில் போலீஸில் புகார் கொடுத்தேன். ஒரு பெண் போலீஸ் அதிகாரி பொறுமையாகக் கேட்டு, எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார். அவர்கள் வேலையை அவர்கள் செய்யட்டும். ஹமீதும் போன் செய்தார். "நான் சண்டை போட்டுப் பாத்தேன் மேடம். முகப்புல இப்பமும் அந்தப் படந்தான் கெடக்கு. நானும் வெளிய வந்துட்டேன்" என்றார். அவர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. பாதிதான்.

சொந்தபந்தமெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்கிறது. "அதான் ஒண்ணும் ஆகல்லியே! பின்ன என்னத்துக்கு இத்தன ஆர்ப்பாட்டம்?" போனில் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், "பொம்பளைக்கு எதுக்கு கிரிக்கெட்டு அட்ட?" என்றார். தப்பு செய்தது யார் என்று இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார், பாருங்கள்!

ஒன்றும் ஆகவில்லையா?

திங்கட்கிழமை காலை என் மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது பேட்ஜைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். பேட்ஜ் இல்லாவிட்டால் வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னேன். "நிறுத்தட்டும்" என்றாள். தேங்காய்ப்பட்டணம் வரைக்கும் தனியாகப் போய் வழி கேட்டுக் கண்டுபிடித்த பெண், இப்போது தெருமுனைக் கடைக்குப் பால் பாக்கெட் வாங்கப் போக அப்பாவைக் கூப்பிடுகிறாள். செல்போனில் யார் படம் எடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று கேட்டாள்: "அம்மா, அந்தப் படம் எத்தன பேருகிட்ட இருக்கும்?"

பெற்றவள் இதற்கு என்ன சொல்வாள்? தெரியாது என்று சொன்னேன். வேறு எதைச் சொன்னாலும் அது பொய்.

அவள் செய்தது தப்பு. சொல்லாமல் போனதும், பொய் மெசேஜ் போட்டதும் தப்பு. அதற்கு உரிய கணக்கை வீட்டில் தீர்த்துக்கொண்டோம். ஆனால் அவள் அம்மாவுக்குப் பரிசு வாங்கப் போன பிள்ளை. மற்றவர்கள் வளர்ந்த மனிதர்கள். ஒருவருக்கு சர்ப்ரைஸ் முக்கியம், ஒருவருக்கு வழக்கம் முக்கியம், ஒருவருக்கு நாகரிகம் முக்கியம். அத்தனை பேர் இருந்த இடத்தில் பிள்ளையைப் பற்றி யோசித்தது, குழுவிலேயே இல்லாத ஒரு சபீனா மட்டும்தான்.

இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழுவில் இருப்பவர்களில் சிலர் வாராவாரம் இந்தப் பத்தியைப் படிப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். 'என்.சி. நாற்பது' யார் என்று தெரியாமலே என் கட்டுரைகளை அங்கே பகிர்ந்திருக்கிறீர்கள். பாராட்டியும் இருக்கிறீர்கள். நன்றி.

குழுவில் வந்த படம் தானாகவே உங்கள் போனில் இறங்கியிருக்கும். நீங்கள் பலூன் விட்ட படம்தான். அட்மினிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது உங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன். அழியுங்கள். ஸ்டேட்டஸில் வைத்திருந்தால் அழியுங்கள். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.

படித்து முடித்துவிட்டுச் செய்யலாம் என்று இருக்காதீர்கள். பத்தியை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன், போனை எடுங்கள்.